சிமிட்ட மறுக்கும் விளக்கு

சாலையிற் செல்லும் கார் ஒன்று வலப்புறம் திரும்பப் போகிறது. அந்த எண்ணம் ஓட்டுபவர் மனத்தில் மட்டும் இருந்து பயனில்லை. பின்னால் வரும் லாரிக்காரருக்கும் எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். முற்காலத்தில் கையை நீட்டிக் காட்டினார்கள். பின்னர் மாரிஸ் மைனர் போன்ற கார்களின் பக்கத் தூணிலிருந்து, ரயில்வே கைகாட்டி போலச் சிறு கை ஒன்று எழுந்து நின்றது. 1961-இல் அந்தக் காரிலும் கைகாட்டி போய்ச் சிமிட்டும் விளக்கு வந்தது. பழைய வண்டிகளில் அந்த விளக்கு சிமிட்டாமற் போனால், குற்றம் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி அது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் நம் ஊர்த் தெருக்களில் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளியில் பௌதிகம் படித்த எவருக்கும் விளங்கக்கூடிய மின்சார அமைப்பு அதனுடையது.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரம், ஃபிளாஷர் என்னும் சிறிய குப்பிக்குள் நுழைந்து, பிறகு சுவிட்சை அடைகிறது. சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினோமோ, அந்தப் பக்கத்து முன் விளக்குக்கும் பின் விளக்குக்கும் செல்கிறது. அங்கிருந்து பேட்டரிக்குத் திரும்பி வரத் தனிக் கம்பி கிடையாது. காரின் இரும்பு உடலே திரும்பும் பாதை. அதற்கு ‘எர்த்’ என்று பெயர். பின்னால் இதனிடம் மீண்டும் வருவோம்.

பழைய ஃபிளாஷர் வெப்பத்தால் வேலை செய்வது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று பல ஃபிளாஷர்களுக்குள் இருக்கிறது. மின்சாரம் ஓடினால் தகடு சூடேறி வளையும். வளைந்தால் தொடர்பு அறும், விளக்கு அணையும். ஆறினால் தகடு நிமிரும், விளக்கு மீண்டும் எரியும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை இது நடைபெற வேண்டும். ஒவ்வொரு பல்பும் 21 வாட். ஆகவே ஒரு பல்புக்கு 1.75 ஆம்பியர், இரண்டுக்கும் 3.5 ஆம்பியர். இந்த அளவு மின்சாரம் ஓடினால்தான் தகடு உரிய நேரத்தில் சூடேறும். ஆகவே ஃபிளாஷரைத் துடிப்பை எண்ணும் வைத்தியர் என்றே சொல்லலாம். வண்டியின் நோயைப் பாதி அதுவே சொல்லிவிடுகிறது.

இரு பக்கமும் அடியோடு எரியவில்லையா? ஃபியூஸை முதலிற் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் அமைப்பில் பிரேக் விளக்கும் வைப்பரும் பெரும்பாலும் அதே ஃபியூஸில்தான் இருக்கும். அவையும் படுத்திருந்தால் சந்தேகமே இல்லை. ஃபியூஸ் சரியாக இருந்தால், ஃபிளாஷரின் உள்வரும் முனையையும் சுவிட்சுக்குச் செல்லும் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சுவிட்சைத் தள்ளுங்கள். விளக்குகள் விடாமல் எரிந்தால் ஃபிளாஷரே குற்றவாளி.

ஒரு பக்கம் ஒழுங்காகச் சிமிட்டுகிறது. மறுபக்கம் எரிந்தபடியே நிற்கிறது, அல்லது ஆமை வேகத்தில் சிமிட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஃபிளாஷரைக் குறை கூறுவது நியாயமன்று; அதே ஃபிளாஷர்தானே மறுபக்கத்தை நன்றாக இயக்குகிறது? கெட்ட பக்கத்தில் மின்சாரம் குறைவாக ஓடுகிறது என்பதே பொருள். ஒரு பல்பு போயிருக்கலாம். பல்பும் நன்றாக இருந்தால்?

எங்கள் தெருவில் வாடகைக்கு ஓடும் அம்பாசிடர் ஒன்றுக்கு இதே நிலை வந்தது. ஒரு பட்டறையில் இரண்டு முறை ஃபிளாஷரை மாற்றினார்கள்; காசு போனதே தவிர, வலப்பக்கப் பின் விளக்கு மங்கலாகவே எரிந்தது. இரவில் நெடுஞ்சாலையை விட்டு வலப்புறம் கிராமத்துப் பாதையில் திரும்பவேண்டிய வண்டி அது. பின்னே வேகமாக வரும் பஸ்ஸுக்கு அந்த மங்கல் ஒளி கண்ணில் படாவிட்டால், உள்ளே இருப்போர் கதி என்ன? ஓட்டுநர் கேட்டுக்கொண்டதால் நானும் அருகிருந்து பார்த்தேன். வலப்பக்கம் சுவிட்சைத் தள்ளியதும், பக்கத்திலுள்ள சிவப்பு வால் விளக்கும் சேர்ந்து மினுக்கியது. அழையாத விளக்கு ஏன் மினுக்க வேண்டும்? திரும்பும் பாதை அடைபட்டதால், மின்சாரம் அண்டை விளக்கின் இழை வழியாக வெளியேற முயல்கிறது! எர்த் கெட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எரியும் பல்பின் தடை ஏறக்குறைய 7 ஓம். துருவின் தடை 3 ஓம் என்று கொண்டால் மொத்தம் 10 ஓம்; ஓடுவது 1.2 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது சுமார் 10 வாட்; அதாவது பாதிக்கும் குறைவு. இழையின் சூடு குறைந்தால் அதன் தடையும் சற்றுக் குறையும். அந்த நுட்பத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத துருப்படலம் இத்தனை களவாடுகிறது.

சோதனை எளிது. விளக்குக் கூட்டின் உலோகப் பகுதியிலிருந்து, பேட்டரியில் வண்டியின் உடலோடு இணைந்துள்ள முனைக்கு நீண்ட கம்பி ஒன்றைப் பிடித்தோம். விளக்கு பளிச்சென்று சிமிட்டியது. கூட்டைக் கழற்றி, அது உடலைத் தொடும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியுமளவும் தேய்த்து, திருகாணியையும் சுத்தம் செய்து முறுக்கினோம். செலவு உப்புத்தாள் ஒன்றுதான்.

எர்த்தும் சரியாக இருந்து விளக்கு எரியவில்லையென்றால், சுவிட்சிலிருந்து விளக்கு வரை கம்பியைத் தொடர வேண்டும். இரு கம்பி கட்டிய 12 வோல்ட் பல்பு ஒன்றே இதற்குப் போதிய கருவி. பழைய பிரிட்டிஷ் கார்களில் சிவப்புக் கோடிட்ட பச்சைக் கம்பி இடப்பக்கம், வெள்ளைக் கோடிட்ட பச்சை வலப்பக்கம். இடையில் யாரும் கைவைக்காதிருந்தால் இது உதவும்.

இன்னொன்று. இக்காலத்தில் சிலர் பழைய கூட்டில் எல்.இ.டி. பல்பைப் பொருத்திவிட்டு, விளக்கு சிமிட்டவில்லையே என்று கம்பிகளையெல்லாம் பிரித்துப் போடுகிறார்கள். அந்தப் பல்பு மிகச் சிறிதளவு மின்சாரமே கொள்வது. பழைய தகடு அதற்குச் சூடேறாது. மின்னணு ஃபிளாஷரை அதனோடு சேர்த்தே பொருத்த வேண்டும்.