விற்கும்போது "சான்றளித்த கார்". பழுதானால் "பழைய கோளாறு": வாரண்டி மறுப்பை எதிர்க்க வழி உண்டு

புது தில்லி: "200 அம்சங்கள் பரிசோதிக்கப்பட்டவை, ஓராண்டு வாரண்டி உண்டு" என்ற விளம்பரத்தை நம்பிப் பழைய காரை வாங்குகிறார் ஒருவர். நான்காவது மாதத்தில் கியர்பாக்ஸ் பழுதாகிறது. இழப்பீடு கோரினால், "இது வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு, வாரண்டியில் அடங்காது" என்று பதில் வருகிறது. தலைநகரின் கரோல் பாக் சந்தையானாலும் இணையவழி விற்பனையானாலும், இத்தகைய பதிலோடு பலர் வழக்கை விட்டுவிடுகின்றனர். ஆனால், சட்டம் அவர்களைக் கைவிடவில்லை.

வாரண்டி கோரிக்கைகளை நிராகரிக்கக் கூறப்படும் காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும்: வழக்கமான தேய்மானம், முன்பே இருந்த கோளாறு, குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாதது, வெளிப் பணிமனையில் காரைப் பிரித்தது. இவற்றில் கடைசி இரண்டும் உண்மையாக இருந்தால் வாங்கியவரின் வாதம் பலவீனமாகிவிடும். முதல் இரண்டின் நிலை வேறு.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2019 ஆகஸ்டில் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. போதிய, முறையான பரிசோதனையின் அடிப்படையில் அல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் அளிப்பது, நியாயமற்ற வணிக நடைமுறை என்று அது வரையறுக்கிறது. "முறையாகப் பரிசோதித்தே உத்தரவாதம் அளித்தோம்" என்று விற்பனையாளர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.

"முன்பே இருந்த கோளாறு" என்ற காரணம் இங்கேதான் விற்பனையாளருக்கு எதிராகத் திரும்புகிறது. கோளாறு முன்பே இருந்தது என்றால், 200 அம்சங்களைப் பரிசோதித்தபோது அது தென்படாமல் போனது எப்படி? தென்பட்டிருந்தால், வாங்கியவரிடம் மறைத்தது ஏன்? இரண்டில் எதற்கும் விற்பனையாளர்தான் விடை சொல்ல வேண்டும். ஆகவே, காருடன் தரப்பட்ட பரிசோதனை அறிக்கை வாரண்டி அட்டைக்கு நிகரான ஆவணமாகும்.

முதலில் செய்ய வேண்டியவை

நிராகரிப்பை வாய்மொழியாக ஏற்கக் கூடாது. எந்த நிபந்தனையின் கீழ் கோரிக்கை மறுக்கப்பட்டது என்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். விளம்பரம், ரசீது, ஜாப் கார்டு, சர்வீஸ் பதிவுகள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். பழுதடைந்த பாகத்தை, எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவிக்காமல் பிரிக்கவோ மாற்றவோ கூடாது, சான்று அழிந்துவிடும். விற்பனையாளருடன் தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறுவது நல்லது.

இணையவழி விற்பனைத் தளங்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். புகாரைப் பெற்றதற்கான ஒப்புகையை 48 மணி நேரத்திலும், தீர்வை ஒரு மாதத்திலும் குறைதீர் அதிகாரி அளிக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் மூலம் சமரசத்துக்கும் முயலலாம். ஆனால், உதவி மையத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை.

மாவட்ட ஆணையம்

அடுத்த படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை ரூ. 50 லட்சம் வரை உள்ள வழக்குகளை அது விசாரிக்கும். தொகை ரூ. 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது; ரூ. 10 லட்சம் வரை ரூ. 200 மட்டுமே. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். விற்பனையாளரும் வாரண்டி வழங்கிய நிறுவனமும் வெவ்வேறானால், இரு தரப்பையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது பாதுகாப்பானது.

"குருகிராம் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்பது போன்ற ஒப்பந்த வாசகங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடப்படுவதில்லை என்பதைக் கட்டுமான நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

எதிர்த்தரப்பு 30 நாள்களில் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள்கள் மட்டுமே அவகாசம் அளிக்கலாம். அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கோளாறைக் கண்டறியத் தொழில்நுட்பப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை முதலில் மனுதாரரே கட்ட நேரிடும்.

எல்லைகளும் உண்டு

வாரண்டியில் பாகத்தைச் சரிசெய்து தருவதாக மட்டுமே உறுதியளித்திருந்தால், முழு வாகனத்தையும் மாற்றித் தரக் கோர முடியாது என்று மாருதி உத்யோக் தொடர்புடைய வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, பழுதுச் செலவு, இழப்பீடு, வழக்குச் செலவு என்று கோரிக்கையை வரையறுப்பதே பலன் தரும். வணிகர் அல்லாத தனிநபரிடம் நேரடியாக வாங்கியவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும்.

நாடாளுமன்றம் கவனிக்க வேண்டியது

பழைய கார் விற்பனையில் பதிவு பெற்ற வணிகரின் லாபத்தின் மீது சீராக 18 சதவீத வரி விதிக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் 2024 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெறவும் விதி வகுக்கப்பட்டது. வரிக்கும் பதிவுக்கும் விதிகள் உள்ளன. குறைந்தபட்ச வாரண்டியில் எவையெல்லாம் அடங்க வேண்டும் என்று வரையறுக்கும் விதி இல்லை. குறைபாடுள்ள கார்களுக்கென அமெரிக்க மாநிலங்களில் உள்ளது போன்ற தனிச் சட்டமும் இங்கு கிடையாது.

இன்னொரு முரண்பாடும் நீடிக்கிறது. நுகர்வோரைப் பாதிக்கும் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்க்கும் உரிமையை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வழங்கியது. ஆனால், அத்தகைய வழக்கை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது; மாநில ஆணையத்துக்கே செல்ல வேண்டும். ரூ. 3 லட்சத்துக்குக் கார் வாங்கிய காசியாபாத்வாசி, வாரண்டி மறுக்கப்பட்டதை உள்ளூரில் எதிர்க்கலாம். அந்த மறுப்புக்கு ஆதாரமான நிபந்தனையையே ரத்து செய்யக் கோரினால், லக்னௌவில் உள்ள மாநில ஆணையத்தை அணுக வேண்டும்.

மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில், புகாரை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களில் காலியிடங்கள் நிரப்பப்படாததை 2021-இல் உச்ச நீதிமன்றமே தாமாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதிய நாடாளுமன்றம், அதை வழங்க வேண்டிய இருக்கைகள் நிரம்பியுள்ளனவா என்று அரசிடம் தொடர்ந்து கேட்டாக வேண்டும். அதுவரை, எழுத்தில் பெற்ற நிராகரிப்புக் கடிதமும் பத்திரமாக வைத்த பரிசோதனை அறிக்கையுமே கார் வாங்கியவரின் பலம்.