நடை செல்வோரும் தெரு நாய்களும்

பெங்களூரில் வாழும் நம்மவருள் விடியுமுன் தெருவில் இறங்காதவர் மிகச் சிலரே. சந்தைக்குப் பூவும் காய்கறியும் எடுக்கச் செல்வோர், வீடுதோறும் பால் போடுவோர், இரவு வேலை முடிந்து திரும்பும் இளைஞர், மருத்துவர் சொல்லுக்கு அஞ்சி நாள்தோறும் நடக்கும் முதியோர் எனப் பலரும் அந்த அரையிருளில் நடமாடுகின்றனர். அவ்வேளையில் தெருக்களில் வண்டிகளும் கூட்டமும் இரா. தெரு முழுவதும் தமக்கே உரியது என்று எண்ணித் திரிவன நாய்களே.

2023-இல் மாநகராட்சி எடுத்த கணக்கின்படி இந்நகரின் தெருநாய்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 79 ஆயிரம். 2019-இல் எண்ணியபோது 3 லட்சத்து 10 ஆயிரமாக இருந்தன. தொகை குறைந்தது உண்மைதான். ஆனால் நாயிடம் சிக்கிக்கொண்டவனுக்கு அக்கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நகரில் இரண்டு சிறு குழந்தைகளை நாய்க்கூட்டங்கள் கடித்துக் கொன்றன. 2024 ஆகஸ்டில் ஜாலஹள்ளி விமானப்படைக் குடியிருப்பில் காலை நடைக்குச் சென்ற 76 வயது மூதாட்டி ஒருவர் நாய்க்கூட்டம் தாக்கியதால் உயிரிழந்தார். இத்தகைய நிகழ்ச்சிகள் அரியவை. கடிபட்டு வீடு திரும்பி, அதை ஒரு பொருட்டாக எண்ணாது விட்டுவிடுவது அரிதன்று. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நம் வீடுகளில் வழங்கும் பழமொழியை நம்பி நடப்பது பிழை. குரைத்துக்கொண்டே வந்து கடிக்கும் நாய்கள் உண்டு. குரைக்காமலே பின்னால் வந்து கணுக்காலைக் கவ்வும் நாய்களும் உண்டு. ஒலியைவிட உடலையே நோக்க வேண்டும். உடல் விறைத்து, வால் நிமிர்ந்து, பிடரி மயிர் சிலிர்த்து, கண்கள் நம்மேல் நிலைகுத்தி நின்றால் அந்த நாய் சினந்துள்ளது என்று அறியலாம். வால் ஆட்டுவதெல்லாம் நட்பும் அன்று. உடல் முழுதும் தளர்ந்து குழைந்து ஆடும் வால் வேறு. விறைத்த உடலின் முனையில் மட்டும் துடிக்கும் வால் வேறு.

நாய் காரணமின்றிப் பாய்வது குறைவு. குட்டி ஈன்ற தாய், உணவின்முன் நிற்கும் நாய், பெட்டை நாயைச் சூழ்ந்து திரியும் ஆண்நாய்க் கூட்டம், தன் தெருவுக்குள் அயலான் நுழைந்ததாக எண்ணும் நாய் ஆகியவையே பெரும்பாலும் தாக்குவன. ஆதலால் இறைச்சிக் கடைகளின் பின்புறம், குப்பை குவியும் மூலை, கட்டடம் எழும்பும் மனை ஆகிய இடங்களை விடியற்காலையில் விலக்கி நடத்தல் நலம். சற்றுச் சுற்றிப் போனால் ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவே.

நாய் எதிர்ப்பட்டால் செய்யவேண்டிய முதற் காரியம், ஓடாதிருத்தல். சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் அல்சூர் ஏரியை அடுத்த சந்து ஒன்றில் நான்கு நாய்கள் என்னை மறித்தன. கால்கள் தாமாகவே திரும்பிவிட்டன. இரண்டடி ஓடினேன், நான்கும் ஒருசேரப் பாய்ந்தன. கையிலிருந்த குடையைச் சட்டென்று விரித்து முன்னே பிடித்தேன். அந்தக் கறுப்புத் துணி திடீரென அகன்றதும் அவை திகைத்து நின்றன. குடைக்குப் பின்னால் மறைந்தவாறே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கிப் பெருந்தெருவை அடைந்தேன். அன்று முதல் மழையில்லாக் காலத்திலும் குடையின்றி நடப்பதில்லை. நண்பர்கள் நகைக்கின்றனர், நகைக்கட்டும்.

ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. நின்றுவிட்டால் துரத்தலின் வேகம் பெரும்பாலும் அடங்கும். கைகளை உடலோடு சேர்த்து, நாயின் கண்களை நேருக்கு நேர் உற்று நோக்காமல், ஆனால் அதைப் பார்வையினின்று விடாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதுகு காட்டலாகாது. உரத்துக் கூவவும் வேண்டா. தாழ்ந்த குரலில் உறுதியாக ஒரு சொல் சொன்னால் போதும். கூட்டமாக வந்தால் சுவரையோ நிற்கும் வண்டியையோ முதுகுக்குப் பின் வைத்துக்கொள்க. பாய்ந்தே விட்டால் பை, செருப்பு, சுருட்டிய துண்டு என எது கையில் உண்டோ அதை அதன் வாயில் கொடுத்து, முகத்தையும் தொண்டையையும் காக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, இரு கைகளாலும் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொண்டு அசையாது கிடப்பதே வழி.

கல்லெடுக்கக் குனிவது நம்மூர் வழக்கம். குனிந்த மாத்திரத்தில் ஓடிவிடும் தெருநாய்கள் பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நாய் மிக அருகில் வந்துவிட்ட பிறகு குனிவது முகத்தை அதன் வாய்க்கு நேராகக் கொண்டு செல்வதாகும். தொலைவில் இருந்தால் குனிக. அருகில் இருந்தால் நிமிர்ந்தே நிற்க.

குழந்தைகளுக்கு இதை விளையாட்டாகவே பழக்கலாம். நாய் வந்தால் 'மரம்', விழுந்தால் 'உருண்டைக் கல்' என்று இரண்டே சொற்கள். மரம் என்றால் அசையாது நிற்றல். கல் என்றால் சுருண்டு கிடத்தல். வெறிநாய் என்று ஐயுறத்தக்க விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பதின்மர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மற்றொன்றும் சொல்லிவைக்க வேண்டும். நாய் கீறினாலும் வீட்டில் அடி விழாது என்று குழந்தைக்கு உறுதி கூறுக. அடிக்கு அஞ்சிக் கடியை மறைத்த பிள்ளைகளைப் பெற்றோர் இழந்ததுண்டு.

இருசக்கர வண்டியில் செல்வோர் நாய் துரத்தும்போது வேகத்தைக் கூட்டுகின்றனர். கடியைவிட விழுதலே அங்குப் பெருங்கேடு. வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலான நாய்கள் ஆர்வம் இழந்து விலகும்.

இனி, கடித்துவிட்டால் என்ன செய்வது? நம் குடும்பங்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். மஞ்சள் அப்புகின்றனர், சுண்ணாம்பு தடவுகின்றனர், மிளகாய்த்தூள் வைப்போரும் உளர். ஊருக்குப் போய் வேர் அரைத்துக் குடித்துப் பத்தியம் இருந்தால் போதும் என்று பேருந்து ஏறுவோரையும் கண்டிருக்கிறேன். வெறிநோய் நுண்ணுயிர் காயத்திலிருந்து நரம்பின் வழியே மூளைக்கு ஏறுவது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். முகத்திலும் தலையிலும் கடித்தால் இன்னும் விரைவில் வெளிப்படலாம். வெளிப்பட்ட பின் பிழைத்தோர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர். வெளிப்படுமுன் மருத்துவம் செய்தால் ஏறத்தாழ எல்லோரும் பிழைப்பர். வேர் குடித்தும் பிழைத்தவர் உண்டே எனில், அவரைக் கடித்த நாய்க்கு நோய் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

கடித்த உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுக. ஐந்து நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். கட்டுப் போடவேண்டா. பின்னர் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மொழி அறியாப் புதியவர் தயங்க வேண்டியதில்லை. நம் நாய் கன்னடத்தில் 'நாயி'; 'நாயி கச்சிதெ' என்றால் எவர்க்கும் விளங்கும்.

ஊசிக்கு அஞ்சுவோர் பலர். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் சொன்ன கதை பொய்யன்று. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறையில், ஆட்டு மூளையினின்று செய்த மருந்து அவ்வாறுதான் செலுத்தப்பட்டது. அம்மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் நாட்டில் கைவிடப்பட்டது. நம்மவர்க்குப் பெயர் தெரிந்த குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் ஒரு சாவிலிருந்து பிறந்ததே. தென்னாட்டில் இம்மருத்துவத்துக்கு நிலையம் இல்லாதிருந்த 1902-இல் இளம் ஆங்கிலப் பெண் ஒருவர் இந்நோயால் இறந்தார்; அதன் விளைவாக எழுந்த முயற்சியில் 1907-இல் அந்நிலையம் தோன்றியது.

இன்று ஊசி மேற்கையில்தான். தோலில் செலுத்தும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு முறை. தசையில் செலுத்தினால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. குருதி கசியும் காயமாயின் அதைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவர். அதனை வேண்டாமென்று சொல்லலாகாது. கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும்கூட இவ்வூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாய் உயிரோடிருக்கிறதா என்று பத்து நாள் பார்த்துப் பின்னர்ச் செல்லலாம் என்பது தவறு. முதலில் ஊசி, பார்த்தல் அதனூடே.

கடித்தது வளர்ப்பு நாயாயின் உரிமையாளரிடம் நாய்க்கு ஊசி போட்ட சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். எனினும் அச்சீட்டை நம்பி நம் ஊசியை நாமே நிறுத்தலாகாது. நாயை அடக்கி வைக்காமல் அசட்டையாக விடுதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி குற்றம். தெருநாயை அடித்துக் கொல்வதும் சட்டத்துக்கு மாறானது. பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் 2023-ஆம் ஆண்டு விதிகளின் பொது முறை. அவ்வாறு அறுவை செய்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். உங்கள் தெரு நாய்களின் காதுகளை ஒருமுறை பாருங்கள். வெட்டில்லாதவை பல இருந்தால், தெருவார் பலர் கையொப்பமிட்டு மாநகராட்சிக்கு எழுதுங்கள்.

ஊசி தொடங்கியபின் திருவிழா வரும், பொங்கல் வரும், ஊருக்குப் புறப்படுவோம். கடைசி ஊசி அங்கே விட்டுப்போகும். அது வேண்டா. மருத்துவமனையில் தரும் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுசென்றால், தமிழ்நாட்டில் எந்த அரசு மருத்துவமனையிலும் தொடரலாம். எங்கள் எதிர்வீட்டுத் தம்பிக்கு மார்கழி மாதம் கணுக்காலில் கடி. "ஊருக்குப் போனால் ஊசி என்ன ஆகும், அண்ணா?" என்று கேட்டான். "சீட்டைச் சட்டைப் பையில் வை, தேதியை உன் அம்மாவிடம் சொல்லிவை" என்றேன். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் தருமபுரியிலிருந்து தொலைபேசியில் பேசியவர் அவனுடைய தாயார். நான்காவது ஊசியும் போட்டாயிற்று என்று சொன்னார்.