உங்களுக்குத் தெரியுமா? 4 நாள் சரக்கை 2 மணி நேரத்தில் தீர்க்கும் விஷம்

இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களுக்கெல்லாம் ஒரே ஆயுள் இல்லை. சிறுதட்டுகள் 7 முதல் 10 நாள்வரை இருக்கும். பைபிரினோஜன் என்ற புரதம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆகும். ஏழாம் உறைதல் காரணிக்கோ சுமார் 5 மணி நேரமே போதும். இந்தப் புரதங்களைக் கல்லீரல் ஓயாமல் புதிதாக உண்டாக்குவதால்தான் அவற்றின் அளவு குறையாமல் நிற்கிறது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பால் வெட்டப் போனவரையோ கொழுந்து பறிப்பவரையோ கண்ணாடி விரியன் கடித்தால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். விஷம் ஐந்தாம், பத்தாம் காரணிகளைத் தூண்டிவிட, பைபிரினோஜன் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும்.

ஆஸ்பத்திரியில் இதற்கான சோதனை மிக எளிது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறி ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடக்கிவைக்கிறது. விஷமுறி இழந்ததைத் திருப்பித் தராது, விஷத்தை மட்டுமே அடக்கும். மீதி வேலை கல்லீரலுடையது. அதற்குச் சுமார் 6 மணி நேரம் தேவை என்பதால், அதன்பின் அதே சோதனையை மறுபடி செய்வார்கள்.

சருகுக்குள் கிடக்கும் குணகட்டுவா என்ற பாம்பின் கடியும் சிலருக்கு இரத்தத்தை உறையாமல் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இலங்கையில் பயன்படும் இந்திய விஷமுறி அதற்குக் கேட்காது. எந்தப் பாம்பு கடித்தாலும் கடிவாயைக் கீறிவிடாதீர்கள்; உறையாத இரத்தம் நிற்காமல் ஓடும்.