மத்தி எங்கே போச்சு? கடல் மீனுக்குக் கணக்கு எழுதும் விஞ்ஞானிகள்!

வால்பாறைக்குக் கடல் மீன் வர, பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறணும். இல்லையென்றால் சாலக்குடியிலிருந்து மளுக்கப்பாறை வழியாகக் காட்டைத் தாண்டணும். இவ்வளவு தூரம் மலையேறும் மத்திக்குப் பின்னால் கொச்சி விஞ்ஞானிகளின் கணக்கும் இருக்கிறது.

என்ன நடந்தது?

2012-ல் கேரளத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன்! எல் நினோவால் கடல் சூழல் மாறியது ஒரு காரணம். குஞ்சு மீன்களையும் அள்ளியது இன்னொரு காரணம்.

கடலில் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது?

எண்ண முடியாது. அதனால் கரைக்கு வருவதைக் கணக்கெடுக்கிறார்கள். 1947-ல் தொடங்கி, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம்தான் இதைச் செய்கிறது. எத்தனை படகு போனது, எவ்வளவு நேரம் வலை போட்டது, என்ன மீன் சிக்கியது என்று களப்பணியாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள். மீனின் நீளத்தை அளந்து, சினை இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அதே உழைப்புக்குக் குறைவான மீன், அதுவும் சின்னச் சின்னதாக வந்தால், அது ஆபத்து அறிகுறி.

2022-ல் இப்படி 135 மீன் இருப்புகளை ஆராய்ந்ததில், 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பது தெரிந்தது.

இவர்கள் உத்தரவு போடலாமா?

முடியாது. பரிந்துரை மட்டும்தான், முடிவு அரசின் கையில். இவர்கள் சொன்னபடி, கேரளம் 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தது. பிறகு அது 58 வகையானது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் 45 நாளாக இருந்த விசைப்படகுத் தடைக்காலம், 2017-ல் 61 நாளானது (ஏப்ரல் 15 – ஜூன் 14). இனப்பெருக்கத்துக்கு இது நல்லது. ஆனால் இரண்டு மாதம் தொழில் இல்லாமல் கரையில் இருப்பது மீனவர்கள்தான். அதனால்தான் அரசு நிவாரணம் தருகிறது.

‘இவ்வளவு டன்தான்’ என்று ஏன் சொல்வதில்லை?

ஐரோப்பாவில் அப்படித்தான். 1902-ல் தொடங்கிய சர்வதேச கடல் ஆய்வு மன்றம் ஆண்டுதோறும் அளவைப் பரிந்துரைக்கிறது. இங்கே ஒரே வலையில் பல வகை மீன்கள் விழும். சின்னப் படகுகளும் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைத்துக் கண்காணிப்பது கஷ்டம்.

கணக்கு தப்பினால்?

கனடாதான் பாடம். 1980-களில் காட் மீன் இருப்பை விஞ்ஞானிகளே அதிகமாக மதிப்பிட்டார்கள். பிறகு அளவைக் குறைக்கச் சொன்னபோது, அரசு முழுதாகக் கேட்கவில்லை. 1992-ல் மீன்பிடிப்புக்கே தடை. 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை மத்தி வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 10 செ.மீ.கூட இல்லையென்றால், அது கேரளத்தில் பிடிக்கவே கூடாத குஞ்சு!