வண்டியே வீடாக: ஆனைகட்டி வழியே ஒரு மலைப் பிரயாணம்

கேரவன் என்னும் சொல்லை நம்மவர் சினிமாவின் வாயிலாகவே அறிந்தனர். படப்பிடிப்பு நடக்கும் தெருவின் ஓரத்தில், நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் இளைப்பாறவும் நிறுத்தப்பட்டிருக்கும் பெரிய வண்டி என்பதே அதன் பொருளாக மனத்தில் பதிந்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய அந்த வண்டி இன்று குடும்பங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது முதியோரையும் குழந்தைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு மேற்கு மலைத்தொடரைச் சுற்றி வர விரும்புகின்றன. விருப்பத்தில் குற்றம் இல்லை. ஆனால் எந்த வழியாகப் போவது என்று பல நாள் ஆராய்கிறவர்கள், அன்றன்றைய இரவை எங்கே கழிப்பது என்பதைப் புறப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வண்டியே வீடாயிற்றே, எங்கே நிறுத்தினால் என்ன என்ற நினைப்புத்தான் காரணம்.

மொழிபெயர்ப்பு என் தொழில். கேரவன் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால், ‘சாத்து’ என்பேன். வணிகர் கூட்டமாகச் செல்லும் பயணத்துக்குப் பழந்தமிழில் அதுவே பெயர். கோவலனின் தந்தையாகிய மாசாத்துவானின் பெயரிலும் அச்சொல் இருக்கிறது. உப்பு விற்ற உமணர்கள் மேடு பள்ளங்களில் அச்சு முறிந்தால் உதவும் என்று, மாற்று அச்சு ஒன்றை வண்டியின் கீழ்க் கட்டிக்கொண்டு சென்ற செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அவர்களுக்குப் பின் வந்த காலத்தில் இராணி மங்கம்மாள் போன்றோர் சாலைகளை அமைத்ததோடு நில்லாமல் சத்திரங்களையும் கட்டினர். மாடு ஒரு பகலில் எவ்வளவு நடக்குமோ, அதுவே ஒரு தங்கலுக்கும் மறு தங்கலுக்கும் இடைப்பட்ட தொலைவு. அக்கணக்கில் முதலில் வந்தது தங்கல். வழி அதைத் தொடர்ந்தது. மோட்டார் வந்ததும் நாம் இதைத் தலைகீழாக்கிக்கொண்டோம்.

நானும் தலைகீழாகக் கணக்கிட்டவன்தான். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், எழுபத்தாறு வயதான என் தாயாருடனும் குடும்பத்தாருடனும் பெங்களூரிலிருந்து வாடகைக் கேரவன் ஒன்றில் கோவைக்குப் புறப்பட்டேன். சேலம் வழியே நான்குவழி நெடுஞ்சாலையில் வராமல், கொள்ளேகால், சாமராசநகர், திம்பம் வழியாக வந்தால் காட்டையும் பார்க்கலாம் என்பது என் யோசனை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கைப்பேசி வரைபடம் காட்டிய நேரம் சிறிய காருக்குரியது. எங்கள் வண்டியோ மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினாலே பாத்திரங்கள் உருளத் தொடங்கின. காராப்பள்ளம் சோதனைச்சாவடியை அடைந்தபோது இரவு மணி ஒன்பது இருபது. கதவு மூடியிருந்தது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் அச்சாலையில், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். சிறிய வண்டிகளுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை தடை. கனரக வண்டிகளுக்கு மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். காவலர் பணிவாகவே மறுத்தார். அவர் மறுத்தது சரியே.

சாமராசநகருக்குத் திரும்பி ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். நள்ளிரவுக்குப் பின் விளக்குகள் மங்கின, குளிர்பெட்டி நின்றது. அதனுள் அம்மாவின் இன்சுலின் இருந்தது. அது கெட்டுவிட்டதா, போடலாமா கூடாதா என்று தெரியாமல் விடியும்வரை விழித்திருந்தேன். காலையில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகே மூச்சு வந்தது. ஓரிரவு வெளி வெப்பத்தில் இருந்ததால் பெரிய தீங்கு இல்லை, வெயிலில் வைக்காமல் இருந்தால் போதும் என்றார். அம்மா மட்டும், “இந்த அறிவுக்கு ரயிலில் வந்திருக்கலாம்” என்று சொன்னாள்.

அன்று கற்ற முதற் பாடம் மின்சாரத்தைப் பற்றியது. கேரவனில் இரண்டு வகை மின்கலங்கள் இருக்கும். ஒன்று இயந்திரத்தைக் கிளப்புவதற்கு; மற்றது விளக்கு, விசிறி, குளிர்பெட்டி முதலிய வீட்டுத் தேவைகளுக்கு. இரண்டாவது மின்கலம் வண்டி ஓடும்போது நிரம்பி, நின்றபின் கரையும். குளிர்சாதனத்தை அதனைக் கொண்டு இரவு முழுதும் ஓட்டிவிடலாம் என்று எண்ணலாகாது. ஆகவே தங்குமிடம் என்பது வண்டி நிற்க இடம் மட்டுமன்று. வெளியிலிருந்து மின்சாரம் எடுக்க வசதியும் வேண்டும். விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது அறை வாடகையைக் கேட்பதற்கு முன், பதினைந்து ஆம்பியர் பிளக் உண்டா, வாயில் வளைவின் உயரம் என்ன, தாழ்ந்த மரக்கிளை இருக்கிறதா, வண்டியைப் பின்னோக்கித் திருப்ப இடம் உண்டா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பத்து அடி உயர வண்டியோடு வாசலில் நின்று விழிப்பது அதைவிடக் கூச்சம்.

இனி ஆனைகட்டிக்கு வருவோம். கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் இரு மாநிலங்களின் எல்லையில் உள்ள இவ்வூரை அடையலாம். கொடுங்கரைப் பள்ளம் என்னும் ஓடைக்கு இப்புறம் தமிழ்நாடு. அப்புறம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் நிலம் அது. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். பறவையியலுக்கான சாலிம் அலி மையமும் ஆனைகட்டியிலேயே அமைந்திருக்கிறது.

பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கோவைக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டவர் மாலையில் கோவையை அடைவர். இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே, இரவே மலையேறிவிடலாம் என்ற ஆசை அப்போது எழும். அதற்கு இடங்கொடுக்க வேண்டாம். மாங்கரைக்கு மேற்பட்ட சாலையை யானைகள் கடக்கின்றன. தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி இயங்கிய செங்கற்சூளைகள் யானைகளின் வழியைக் குலைத்தன என்று பல காலம் வழக்கு நடந்து, 2021-இல் அவை மூடப்பட்டதை நேயர்கள் நினைவிற் கொள்ளலாம். சூளைகள் போயின, யானைகள் தம் பாதையை மறக்கவில்லை. முதல் இரவைக் கோவையில் கழித்து, தண்ணீரும் டீசலும் நிரப்பிக்கொண்டு, வெயில் வந்த பின் மலையேறுவதே முறை. காட்டு நிலத்தில் அனுமதியின்றி வண்டியை நிறுத்தித் தங்குவது சட்டப்படி குற்றமும் ஆகும். ஆனைகட்டியில் சுற்றுச்சுவருள்ள உறைவிடங்கள் உள்ளன. மாலை ஐந்து மணிக்குள் உள்ளே சென்றுவிட வேண்டும்.

ஆனைகட்டியிலிருந்து மேற்கே அகளி, முக்காலி வழியாக மன்னார்க்காட்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இச்சிறு தொலைவுக்குள் இரு வேறு பருவங்களைக் காணலாம். கிழக்கு அட்டப்பாடி மழை மறைவுப் பகுதி. ஆனி ஆடியிலும் முட்புதரும் காய்ந்த புல்லுமாக இருக்கும். முக்காலியை நெருங்கும்போது காற்று ஈரமாகிறது. அமைதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் வாயில் அங்கேதான் இருக்கிறது. நீர்மின் திட்டம் ஒன்றைக் கைவிடச் செய்து, 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. சொந்த வண்டி உள்ளே செல்ல முடியாது. முக்காலியில் நிறுத்திவிட்டு வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் செல்ல வேண்டும். முக்காலிக்கு அப்பால் மன்னார்க்காட்டுக்கு இறங்கும் மலைச்சாலை கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. தென்மேற்குப் பருவமழையில் மண் சரியும். இருபது அடிக்கு மேல் நீளமான வண்டியை அப்பக்கம் கொண்டுசெல்ல நான் சொல்ல மாட்டேன். பாலக்காட்டுக்குப் போக வேண்டியவர் கோவைக்குத் திரும்பி, வாளையாறு வழியே கணவாய்ச் சாலையில் போகட்டும். மலைத்தொடரில் இயற்கையே திறந்துவைத்த வாயில் அது. ஏற்றமும் இல்லை, வளைவும் இல்லை.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. கேரளத்து ஆறுகளில் மூன்றே மூன்று கிழக்கு நோக்கி ஓடுகின்றன: கபினி, பவானி, பாம்பாறு. அட்டப்பாடியைக் கடந்து வரும் பவானி தமிழ்நாட்டில் காவிரியோடு சேர்கிறது. கோவை மக்கள் குடிக்கும் சிறுவாணி நீரும் பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்தே வருகிறது. கேரவனின் கழிவுநீர்த் தொட்டியை யாரும் பார்க்காத ஓடைக்கரையில் திறந்துவிடுகிறவர் தம் சொந்த ஊர்க் குழாயில்தான் அதைக் கலக்கிறார். விடுதியின் கழிவுத் தொட்டியில் விட அனுமதி கேளுங்கள். வாடகையோடு சிறு தொகை கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது ஆறாகிய பாம்பாறு இடுக்கி எல்லைக்கு நம்மை அழைத்துச் செல்லும். ஆனைகட்டியிலிருந்து கோவைக்கு இறங்கி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாற்றை நோக்கிப் போக வேண்டும். சின்னாறு வனவிலங்குச் சரணாலயமும் ஆனைகட்டியைப் போலவே மழை மறைவுப் பகுதி. பகலிலேயே அதைக் கடக்க வேண்டும். மூணாறு வரை ஒரே மூச்சில் செல்லாமல், மறையூரில் தங்குவது நல்லது. கரும்பு வயல்களும், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும், சந்தனக் காடும், முனியறை எனப்படும் பழங்காலக் கல்லறைகளும் அங்கே உள்ளன. மறையூர் வெல்லம் வாங்காமல் யாரும் வருவதில்லை. ஆனால் அதனைத் திறந்த கூடையில் வண்டிக்குள் வைக்காதீர்கள். யானையின் மூக்கு நம் மூக்கைப் போன்றதன்று. சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூன் மாதத்தில் தமிழக வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. சுவர் வைத்த கடைக்கே அந்தக் கதி என்றால், தகரமும் கண்ணாடியுமான நம் வண்டி எம்மாத்திரம்!

மூணாற்றில் தங்குவோர் இடத்தின் அழகை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. சரிவின் அடிவாரத்திலும் ஓடை இறங்கும் பள்ளத்திலும் மழைக்காலத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை பறித்தவர்கள். இரவை எங்கே கழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு முடிய இந்த மலைப்பயணத்தைத் தள்ளிப்போடலாம். தவிர்க்க இயலாதவர் ஒவ்வொரு நாளும் மாவட்ட நிர்வாகத்தின் மழை எச்சரிக்கையைக் கேட்ட பின்பே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டே மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா இடுக்கி மாவட்டத்து வாகமணில் திறக்கப்பட்டது. அப்பக்கம் போக விரும்புகிறவர்கள் இடம் உண்டா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊர் திரும்புவோருக்கு மூணாற்றிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியே தேனி மாவட்டத்துக்கு இறங்கும் சாலையே நேர்வழி. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மூடுபனி விலகும்வரை போடிமெட்டில் தேநீர் அருந்திக் காத்திருந்து இறங்கினால், உச்சி வெயிலுக்கு முன் போடிநாயக்கனூரை அடையலாம். தண்ணீர்த் தொட்டியை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.