பேய் அல்ல, பித்தும் அல்ல! கடிகாரப் படம் காட்டிக் கொடுத்த மூளை நோய்

நாகர்கோவில்,

மணிமேடையைத் தாண்டும்போது அண்ணாந்து நேரம் பார்க்காத நாகர்கோவில்காரர் உண்டா? 1893-ல் திறக்கப்பட்ட மணிக்கூண்டு அது. அந்தக் கடிகாரத்தை ஒரு தாளில் வரையச் சொன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வட்டம் போட்டு 12 எண்களையும் எழுதிவிடும்.

அமெரிக்காவில் ஒரு பெண் நிருபரால் அது முடியவில்லை! முடியாமல் போனதுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

24 வயது நிருபர்

அவர் பெயர் சூசன்னா கஹாலன். 'நியூயார்க் போஸ்ட்' பத்திரிகை நிருபர். 2009-ல் அவருக்கு வயது 24. திடீரென்று தூக்கம் போயிற்று. எதற்கெடுத்தாலும் சந்தேகம். ஒரு நிமிஷம் அழுகை, மறு நிமிஷம் சிரிப்பு. பிறகு வலிப்பு வந்தது. பேச்சு குழறியது.

'குடிதான் காரணம்' என்றார் ஒரு டாக்டர். 'மனநோய்' என்றார் இன்னொருவர். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் சூஹேல் நஜ்ஜார் என்பவர் வந்து, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்ணையும் வலது பாதியிலேயே எழுதினார் சூசன்னா. இடது பாதி காலி! கோளாறு மனசில் இல்லை, மூளையின் வலது பக்கத்தில் அழற்சி என்று டாக்டர் கண்டுகொண்டார்.

போலீசே ஆளை மாற்றினால்?

உடம்பில் கிருமி புகுந்தால் பிடிப்பதற்கு 'ஆன்டிபாடி' என்ற புரதம் உண்டாகிறது. உடம்புக்கு அது போலீஸ் மாதிரி. சிலருக்கு இந்தப் போலீஸ் ஆளை மாற்றிப் பிடித்து விடுகிறது.

மூளை செல்களில் 'என்.எம்.டி.ஏ. ரிசப்டர்' என்ற வாசல் உண்டு. ஒரு செல் அனுப்பும் சேதியை அடுத்த செல் வாங்கும் வாசல் இது. புதிதாக ஒன்றைக் கற்கவும், நினைவில் வைக்கவும் இது வேண்டும். ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டால் இந்த வாசல்கள் குறைந்து போகின்றன. நினைவும் புத்தியும் தடுமாறுகின்றன.

இந்தக் குட்டை உடைத்தவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஜோசப் டால்மாவ். கட்டி இருந்த 12 பெண்களிடம் இந்த ஆன்டிபாடியைக் கண்டு, 2007-ல் வெளியிட்டார். பலருக்குச் சூல்பையில் வரும் ஒருவகைக் கட்டிதான் இதைக் கிளப்பி விடுகிறது. சூசன்னாவின் முதுகுத்தண்டு நீரும் அவரிடமே சோதனைக்குப் போயிற்று.

பச்சை வெளிச்சம்

சோதனை எப்படி? இந்த ரிசப்டர் உள்ள செல்களைக் கண்ணாடித் துண்டில் வைத்து, நோயாளியின் முதுகுத்தண்டு நீரை விடுகிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டும். பிறகு, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை விடுகிறார்கள். அது முதல் ஆளைப் போய்ப் பிடிக்கும். மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும். திருடனைக் காட்டிக் கொடுக்கும் துப்பறியும் நாய் போல!

பெங்களூர் நிம்ஹான்சில் இந்தச் சோதனை உண்டு.

394 பேர் தேறினர்

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஊசி, ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்தெடுப்பது, கட்டி இருந்தால் அறுவை - இவைதான் சிகிச்சை. 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், கவனித்து வந்த 501 பேரில் 394 பேர் 2 வருஷத்துக்குள் நன்றாகத் தேறினார்கள். 30 பேர் இறந்து போனார்கள். சீக்கிரம் வைத்தியம் தொடங்கியவர்களே அதிகம் தேறினார்கள்.

நம் பக்கத்தில் வயசுப் பெண் திடீரென்று உளறினால், 'பேய் பிடிச்சிருக்கு' என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் உண்டு. நல்லா இருந்த பிள்ளை சில நாளில் மாறிப்போய், வலிப்பு வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு நின்றாலோ தாமதிக்கக் கூடாது. ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 'இது ஆன்டிபாடியால் வந்ததா?' என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சூசன்னா அதே 2009-லேயே வேலைக்குத் திரும்பினார். தன் கதையைத் தன் பத்திரிகையிலேயே எழுதினார்!