பின்னால் போகும் நூல்: ஃப்ளை காஸ்டிங்கை வீடியோ கற்றுத்தருமா?

நம்ம ஊர் தூண்டிலில் எடை முள்ளுப் பக்கம் இருக்கும். ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னாடியே போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது அப்படியே தலைகீழ். முள்ளில் இறகைச் சுற்றிச் செய்த பொம்மைப் பூச்சிக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். வெறுமனே எறிந்தால் காலடியில்தான் விழும். எடை இருப்பது தடித்த, பூச்சுப் பூசிய நூலில். பரவலாகப் புழங்கும் 5-ஆம் எண் நூலில் முதல் 30 அடியின் எடை சுமார் 9 கிராம். வீசுவது அந்த நூலைத்தான். பூச்சி சும்மா கூடப் போகிறது.

இதனால் ஒரு சிக்கல். முன்னால் வீச, நூல் முதலில் பின்னால் போய் முழுசா நீள வேண்டும். நீண்ட நூலின் எடைதான் கம்பை வளைக்கும். தொய்வாக இருந்தால் கைவீச்சில் பாதி அந்தத் தொய்வை எடுப்பதிலேயே தீர்ந்துவிடும். நூல் நீள்வதற்கு முன்பே அவசரப்பட்டு முன்னால் அடித்தால் சாட்டை மாதிரி 'படீர்' என்று சத்தம் வரும்; பூச்சி அறுந்து போகும். ஆக, வேலையில் பாதி நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது.

வீடியோ பாடங்களில் பார்ப்பவர் கண் எங்கே போகும்? ஆசிரியரின் கைக்குத்தான். அவர் எவ்வளவு தூரம் ஆட்டுகிறார், எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று பார்த்து அப்படியே செய்கிறார். ஆனால் அவர் வெளியே விட்டிருப்பது 50 அடி நூல், இவர் விட்டிருப்பது 25 அடி. நூல் நீளமானால் காத்திருக்கும் நேரமும் கூட வேண்டும், கைவீச்சும் நீள வேண்டும். அதனால் நகல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு தப்பாக வரும்!

நார்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1976) கதையில், மொன்டானாவில் பாதிரியாராக இருக்கும் அப்பா மெட்ரோனோம் வைத்து, பத்து மணி - இரண்டு மணி முள் நிலைகளுக்கு நடுவே, நாலு எண்ணி வீசச் சொல்லித் தருவார். அழகான காட்சிதான். ஆனால் ஒரே எண்ணிக்கை ஒரு நீள நூலுக்குத்தான் பொருந்தும். 1990-இல் பில் காமெலும் அவர் அப்பா ஜே காமெலும் எழுதிய சிறு நூல் ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது: தொய்வு கூடாது, கம்பின் நுனி நேர்கோட்டில் போக வேண்டும், வீச்சின் நீளம் மாற வேண்டும், விசை சரியான இடத்தில் சரியான அளவில் வர வேண்டும், நிறுத்தம் நூலின் நீளத்துக்கேற்ப மாற வேண்டும். அந்த ஐந்தில் கடிகாரம் இல்லை.

(மெல் க்ரீகர் என்ற புகழ்பெற்ற ஆசிரியர், கற்க வருபவர்களைக் கவிஞர்கள், எஞ்சினியர்கள் என்று பிரிப்பார். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.)

அப்படியென்றால் நல்ல பயிற்சி எது? பின்னால் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டுவது. எனக்குப் பிடித்தது இது: புல்தரையில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி, 25 அடி நூலோடு கம்பைப் படுக்கைவசமாக, இடுப்பு உயரத்தில் வீசுவது. இப்போது இரண்டு பக்கமும் தெரியும். பின்வீச்சு முடிந்ததும் நிறுத்தி, நூலைத் தரையில் விழ விடுங்கள். கோடு போல் கிடந்தால் சரி. வளைந்து நெளிந்து கிடந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது, முன்வீச்சைத் திருத்திப் பயனில்லை. நம் ஆட்கள் ப்ரேக்பாயிண்ட் வைப்பதும் இதற்குத்தானே?

நூல் போகும்போது அதில் விழும் வளைவையும் கவனியுங்கள். அகலமாக இருந்தால் கம்பின் நுனி வட்டமடித்திருக்கிறது, பெரும்பாலும் மணிக்கட்டின் வேலை. ஒடுங்கி இருந்தால் நுனி நேராகப் போயிருக்கிறது.

வீடியோவின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது: ஆசிரியரைப் பார்ப்பதைவிட, நம்மையே எடுத்துப் பார்ப்பதில். வழக்கமான நின்ற வீச்சை ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். கேமராவை முகத்துக்கு நேரே வைக்காமல், பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி, பின்னால் போகும் நூலின் கடைசி முனையும் சட்டத்துக்குள் வரும்படி வையுங்கள். முகம் சின்னதாகத் தெரிந்தால் பரவாயில்லை.